தெற்கே சூலம்

பாலசுப்ரமணியன் புள்ளியியல் பேராசிரியர். எது தற்செயல், எது தற்செயல் இல்லை என்பதை வருஷா வருஷம் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவன். அப்பேர்ப்பட்டவன் வியாழக்கிழமை தெற்கே பிரயாணம் போகப் பயந்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். யாரும் நம்பிவிடக் கூடாது என்பதில் அவனும் கண்ணும் கருத்துமாக இருந்தான்.

வியாழன் என்றால் தெற்கே சூலம். அன்று அந்தத் திக்கில் கிளம்பினால் போன காரியம் விளங்காது. இது மாம்பலத்தில் அவன் பால் குடிக்கிற வயசிலேயே கேட்ட சங்கதி. கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டபோது சூலம் என்ன, விசா கிடைக்காமல் மீனம்பாக்கத்திலேயே நின்றுவிட்டதா? கூடவேதான் வந்திருந்தது.

அவன் மனைவி ஷ்யாமளா எலெக்ட்ரிகல் எஞ்சினியர். முந்தின வருஷம், எண்பத்தைந்தில், சிப் கம்பெனிகள் படுத்துக்கொண்டபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். அதற்கப்புறம் எத்தனையோ இடத்தில் ஏறி இறங்கி, கடைசியில் தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் சேர வேண்டும். அவர்கள் இருந்த பிளசன்டனிலிருந்து வியாழக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. பாலுவுக்குக் கோடை விடுமுறை. செப்டம்பரில் யார் எங்கே இருப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள்.

"வியாழக்கிழமை வேண்டாமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் ஷ்யாமளா சிரிப்பாள். சும்மா சிரிப்பவள் இல்லை, நடித்துக் காட்டிச் சிரிக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலு ஒரு மாநாட்டுக்குக் கிளம்பி வாசலில் கால் வைத்தபோது எதிர்வீட்டு வெள்ளைக்காரர் ஒற்றைத் தும்மல் போட்டார். பாலு திரும்பி உள்ளே வந்து தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டுப் போனான். விமானம் போய்விட்டது. அந்த வருஷம் தீபாவளி பார்ட்டியில் ஷ்யாமளா அந்தத் தும்மலையும், பாலு பெட்டியோடு பின்வாங்கிய அழகையும் நடித்துக் காட்டினாள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது பாலுதான். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், அவன் கிளம்பும்போது எவனாவது ஒருத்தன் வேண்டுமென்றே தும்முவான். ஷ்யாமளா அவன் தோளில் தட்டி, "உக்காருங்கோ, தண்ணி கொண்டு வரேன்" என்பாள். பாலுவுக்கு உள்ளுக்குள் ரத்தம் கொதிக்கும். சிரித்துக்கொண்டே காரில் ஏறுவான்.

ஆகவே வாயைத் திறக்காமல் ஒரு வேலை செய்தான். கெட்ட நாளில் போயே தீர வேண்டுமானால் அதற்கும் நம்மவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். முந்தின நாளே நம் சாமானில் ஒன்றை இன்னொருவர் வீட்டில் கொண்டு வைத்துவிட்டால் பிரயாணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். சூலத்துக்கே அல்வா கொடுக்கிற ஏற்பாடு. சங்கடம் என்னவென்றால் சாமான் எல்லாம் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லருக்குள் போய்விட்டது, பூட்டின சாவி ஷ்யாமளாவிடம். புதன்கிழமை மத்தியானம் அவள் சிநேகிதி நாகலக்ஷ்மி வீட்டுக்கு விடைபெறப் போயிருந்த நேரத்தில், பாலு டிரெய்லரையே பரஸ்தானம் வைத்துவிடுவது என்று துணிந்தான்.

டிரெய்லர் இரண்டு வீடு தள்ளியிருந்த மரிய அந்தோணியுடையது. தூத்துக்குடிக்காரன், மாதா கோயில் திருவிழாவுக்குச் சாமான் ஏற்ற வைத்திருந்ததை இவர்களுக்குக் கொடுத்தான். அதற்குத் தனியாக மின்சார பிரேக் உண்டு. இவர்களுடைய பிக்கப் வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து விளக்கினான். வண்டியின் பிரேக்கை மிதித்தால் அந்தப் பெட்டி டிரெய்லர் சக்கரங்களுக்குக் கரண்ட் அனுப்பும். பெட்டியிலிருக்கும் பிடியைத் தள்ளினால் டிரெய்லருக்கு மட்டும் பிரேக் விழும். ஓடுகிற ஓட்டத்தில் டிரெய்லர் கழன்றுகொண்டால் ஒரு மெல்லிய கம்பிக் கயிறு ஒரு பின்னைப் பிடுங்கிவிடும். பின் வெளியே வந்தால் டிரெய்லரிலேயே உள்ள சின்ன பேட்டரி சக்கரங்களை இறுக்கி நிறுத்திவிடும். பின்னை இழுத்துச் சோதிப்பதானால் முதலில் வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கிற பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஷ்யாமளா ஒன்றுக்குப் பத்துக் கேள்வி கேட்டுக்கொண்டாள். பாலு அந்த நேரம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பலன் புதன்கிழமை கிடைத்தது. டிரெய்லர் மாட்டியிருந்த பிக்கப்பை வாசலிலிருந்து தெருவுக்கு ஒடித்துத் திருப்பினான். கயிறு எதிலோ மாட்டிப் பின்னைப் பிடுங்கிக்கொண்டது. டிரெய்லர் மலைபோல் நின்றது. என்ன ஏது என்று தெரியாமல் பாலு ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, டயர் தேய்ந்து புகைய, தெருவில் இரண்டு கறுப்புக் கோடு போட்டபடி அந்தோணி வீட்டு வாசல் வரை இழுத்துக்கொண்டு போனான். அந்தோணி வீட்டில் இல்லை. பாலு வீட்டுக்குத் திரும்பித் தண்ணீர் குடித்தான், கூடத்தில் உலாவினான். மறுபடி போய்ப் பார்த்தபோதுதான் தொங்கிக்கொண்டிருந்த பின் கண்ணில் பட்டது. எடுத்துச் செருகினான். சக்கரம் விட்டது. அப்பாடா என்று வந்து உட்கார்ந்தான்.

ஷ்யாமளா வந்து கேட்டபோது, "அந்தோணி நகத்தி வெச்சுட்டுப் போனான். காலம்பற கெளம்ப சௌகரியமா இருக்குமாம்" என்றான். பொய் என்று அவனுக்கே தோன்றாத அளவுக்குச் சுலபமாக வந்தது.

வியாழக்கிழமை விடியற்காலையில் அந்தோணி வேலைக்குப் போயிருந்தான். ஷ்யாமளா வண்டியை மெல்ல உருட்டிப் பெட்டியின் பிடியைத் தள்ளிப் பார்த்தாள். டிரெய்லர் பின்னாலிருந்து சட்டென்று பிடித்து இழுத்தது. "நன்னா பிடிக்கறது" என்றாள். கிளம்பினார்கள். ஆல்டமான்ட் மேட்டைத் தாண்டி, ஐந்தாம் நம்பர் ஃப்ரீவேயில் விழுந்து, நூல் பிடித்தாற்போல் தெற்கே போனார்கள்.

வெயில் ஏறினபின் பெட்ரோல் போட ஃப்ரீவேயை விட்டு இறங்கினார்கள். அங்கே தெரிந்தது முதல் கோளாறு. ஷ்யாமளா பிரேக்கை மிதித்தாள். பிக்கப் நின்றது, டிரெய்லர் நிற்க மனசில்லாமல் பின்னாலிருந்து ஒரு உந்து உந்தியது. சிவப்பு விளக்கைத் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தள்றது பாத்தேளா?" என்றாள். பிடியைத் தள்ளினாள். ஒன்றுமில்லை.

பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள், பழைய பேண்ட்டில். அவளுக்கு இதில் பயம் கிடையாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. டிரெய்லர் சட்டத்தில் வெள்ளை வயர் முடுக்கின இடம் துருப்பிடித்திருந்தது. "கிரவுண்ட், அதான் எர்த், சரியில்லைன்னா இப்படித்தான் விட்டு விட்டு வரும்" என்று சொல்லி, கத்தியால் துருவைச் சுரண்டி எடுத்து முடுக்கினாள். அடுத்தது அந்தச் சின்ன பேட்டரி. அந்தோணி சொன்னபடி பிளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பின்னை இழுத்தாள். சக்கரம் இறுகவில்லை.

"இது டெட். ஞாயித்துக்கெழமைதான் சார்ஜ் பண்ணேன்னு அந்தோணி சொன்னானே." பின்னைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "இத யாராவது இழுத்தாளா?"

பாலு அந்தப் பின்னையே பார்த்தான். இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் எதற்காக டிரெய்லரைத் தொட்டாய் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் அதையும் நடித்துக் காட்டுவாள், லாஸ் ஏஞ்சலஸில் தமிழ்ச் சங்கம் இன்னும் பெரிசு.

"எனக்கென்ன தெரியும்" என்றான்.

டெலிபோன் பெட்டிக்குப் போய் அந்தோணி வீட்டுக்குப் பேசிப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பாலுவுக்கு அது நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதி வந்ததே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

பிறகு அவள் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிக் கீழே படுத்துவிட்டாள். பின்தகட்டிலிருந்த துவாரத்துக்குள் கம்பியை விட்டு, உள்ளேயிருந்த பல் சக்கரத்தைத் திருப்பினாள். பிரேக் கட்டை உரசும் வரை இறுக்கி, அப்புறம் உரசல் லேசாகும் வரை தளர்த்தி, ஒவ்வொரு சக்கரமாக நகர்ந்தாள். பாலு எடுக்கச் சொன்னதை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். அவள் கால் மட்டும் வெளியே தெரிந்தது. இத்தனை கனமும் ஒரு ஜாக்கி மேல் நிற்கிறது, அதன் அடியில் படுத்துக்கொண்டு நான் பண்ணின கோளாறைத் தேடுகிறாளே என்று ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவேளை அந்தப் பின்னுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இல்லை என்றே வைத்துக்கொண்டான். புள்ளியியல் பேராசிரியர்.

"பிடியைத் தள்ளுங்கோ" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பாலு வண்டிக்குள் எட்டிப் பிடியைத் தள்ளினான். அவள் சுற்றிவிட்டிருந்த சக்கரம் டக்கென்று நின்றது.

ஷ்யாமளா முகமெல்லாம் கரியோடு எழுந்து வந்தாள். "கிரவுண்ட்தான். நான் சொல்லலை?" என்று சிரித்தாள். அவள் பேரில் தப்பில்லை. நோயாளி பாதியை மறைத்தால் வைத்தியர் எந்த வியாதிக்கு மருந்து கொடுப்பார்? பெட்டி ஆறினால் வேலை செய்யும், சூடானால் படுத்துக்கொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவனுக்கு அது தெரியாது. தெரிந்ததையும் அவன் சொல்லவில்லை.

மலையடிவாரத்துக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கிரேப்வைன் ஏற்றம் எதிரே சுவர் மாதிரி நின்றது. ஏறுவது பெரிசில்லை. ஏறினதெல்லாம் அந்தப் பக்கம் இறங்க வேண்டுமே.

"ஷ்யாமா, இன்னிக்கு இங்கயே மோட்டல்ல தங்கிடலாமா?"

"நாளைக்குக் கார்த்தால ஆஃபீஸ்ல இருக்கணும் நான். மொதல் நாளே லேட்டா போய் நிக்கச் சொல்றேளா?"

"பிரேக்..."

"பிரேக்கத்தான் சரி பண்ணியாச்சே. உங்களுக்கு என்ன, உடம்பு சரியில்லையா? வேணா இறங்கி ஒரு காபி குடிக்கலாம்."

இன்னொரு தடவை வாய் வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

ஏற்றம் முழுக்க எஞ்சின் கத்தியது. சூடு ஏறாமல் இருக்க ஷ்யாமளா ஏசியை நிறுத்திவிட்டாள். காலடியில் அடுப்பு வைத்ததுபோல் அனல் வீசியது. உச்சியைத் தாண்டிச் சிறு சிறு இறக்கங்களில் பிரேக் பிடித்தது. பாலு ஒவ்வொரு தடவையும் மூச்சை விட்டான். அப்புறம் கஸ்டெய்க் பக்கம் இறங்குகிற நீண்ட சரிவு வந்தது.

பாதிக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவள் மிதித்தாள், பின்னாலிருந்து உந்தியது. பிடியைத் தள்ளினாள். தள்ளித் தள்ளி விட்டாள். டிரெய்லருக்கு எதுவும் கேட்கவில்லை. கியரைக் குறைத்தாள், எஞ்சின் ஓலமிட்டது, வேகம் ஒரு கணம் குறைந்து மறுபடி ஏறியது. பக்கத்தில் ஒரு பெரிய லாரி ஹாரன் அடித்தபடி விலகியது. பிரேக் கருகுகிற நாற்றம் உள்ளே வந்தது.

"பெடல் மெத்துமெத்துன்னு ஆறது" என்றாள். குரலில் பதற்றம் இல்லை, அதுதான் பாலுவைக் கதிகலங்க அடித்தது. "பின்னால எங்கயோ வயர் அறுந்திருக்கு. வயர் போயிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஓரத்துல உரசித்தான் நிறுத்தணும்."

ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பாலு பார்த்தான். மெல்லிய ஒரு தடுப்பு, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. டிரெய்லர் இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது.

"நான்தான் இழுத்தேன்" என்றான்.

"என்ன?"

"பின். நேத்து டிரெய்லரை அந்தோணி நகத்தலை, நான்தான் நகத்தினேன். பரஸ்தானம் வெக்கறதுக்கு. இன்னிக்குத் தெற்கே சூலம். திரும்பறச்சே பின் பிடுங்கிண்டுடுத்து. எனக்குத் தெரியலை. அப்படியே கெடந்தது."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்ப பிளக் மாட்டியிருந்துதா?"

"மாட்டித்தான் இருந்தது."

"எத்தனை நாழி?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அப்படின்னா பேட்டரி கரண்ட் எல்லாம் திரும்பி இந்தப் பாக்ஸுக்குள்ள வந்திருக்கு. பாக்ஸ்தான் வெந்து போயிருக்கு. வயர் நன்னா இருக்கு." ஸ்டியரிங்கை விடாமல் தலையால் கீழே காட்டினாள். "கீழ உக்காருங்கோ. பாக்ஸுக்குப் பின்னால நாலு வயர் வரும். கறுப்பையும் நீலத்தையும் பிடுங்குங்கோ. கறுப்புல வண்டி பேட்டரி கரண்ட் வரும், நீலம் டிரெய்லர் பிரேக்குக்குப் போறது. கறுப்பு வேற எந்த இரும்புலயும் படக் கூடாது."

பாலு இருக்கையிலிருந்து சரிந்து அவள் கால்களுக்குப் பக்கத்தில் தலையை நுழைத்தான். பெட்டி தொட முடியாமல் கொதித்தது. பிடுங்கினான். கறுப்பு வந்தது. நீலம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான், வந்தது.

"ரெண்டு முனையும் கையில இருக்கா? நான் வைன்னா ஒண்ணோட ஒண்ணை வெக்கணும். எடுன்னா எடுத்துடணும். பிடிச்சுண்டே இருந்தா டயர் வெடிச்சுடும். வை."

வைத்தான். பொறி பறந்தது. பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்ததுபோல் வண்டியே குலுங்கியது.

"எடு."

எடுத்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டதில்லை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"வை. எடு. வை. எடு."

அவனுக்குப் பாதை தெரியவில்லை. அவள் செருப்பு தெரிந்தது, பெடல் தெரிந்தது, கையில் இரண்டு வயர். விரல் நுனி பொசுங்கியது. அவள் குரல் ஒன்றுதான் உலகம். ஒவ்வொரு தடவையும் டிரெய்லர் ஆட்டத்தை விட்டுவிட்டு நேராக வந்தது, வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு தடவை அவன் முந்திக்கொண்டு வைத்துவிட்டான், டயர் அலறியது, "நான் சொன்னப்பறம்" என்றாள், அவ்வளவுதான். அவள் சொல்வதைத் தவிர வேறொன்றும் நினைக்காமல் அவன் இருந்தது அதற்கு முன்னால் எப்போது என்று அவனுக்கு ஞாபகமில்லை. சூலம் கூட மறந்துபோயிற்று.

எஞ்சின் ஓலம் தணிந்தது. சரிவு முடிந்து தரை சமமானது. கஸ்டெய்க்கில் லாரிகள் நிற்கிற மைதானம் ஒன்றில் அவள் வண்டியைத் திருப்பி, கடைசியாக ஒரு முறை "வை" என்றாள். நின்றது. எஞ்சினை அணைத்தாள்.

பாலு வெளியே வந்து நின்றான். ஷ்யாமளா டிரெய்லரைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குனிந்து சூடு பார்த்தாள். பிறகு டிரெய்லரின் முன்சட்டத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும்போல் இருந்தது.

"அங்க நான் கேட்டேனே, இத யாராவது இழுத்தாளான்னு."

"கேட்டே."

"நான் சக்கரத்துக்கு அடியில படுத்திருந்தப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மலை ஏறறதுக்கு முன்னால தலைவலி, வயத்துவலின்னு ஏதாவது சொல்லி இறங்கியிருக்கலாமே. ஏன் கூட வந்தேள்?"

"நான் இறங்கியிருந்தா நீ தனியா போயிருப்பே."

ஷ்யாமளா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னோட சேந்து சாகறதுக்குத் தயாரா இருந்திருக்கேள்" என்றாள் மெதுவாக. "நான் சிரிச்சுடுவேன்னு மட்டும் சொல்ல முடியலை."

பாலு கீழே கிடந்த கல்லைக் காலால் நகர்த்தினான்.

"நான் அவ்வளவு மோசமாவா சிரிக்கறேன்?"

சேச்சே, அதெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. பழக்க தோஷம். பார்ட்டிகளில் அந்த இளிப்பு முகத்தில் வந்து உட்காரும் இடத்தை அவனால் உணர முடிந்தது. பொசுங்கின விரல் எரிந்தது. வாயை மூடிக்கொண்டு, மறுபடி திறந்தான்.

"ஆமா" என்றான்.

அவள் தலையாட்டினாள். கரி அப்பின புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், கரி இன்னும் பரவியது. "எல்லாரையும்விட நீங்கதானே ஜாஸ்தியா சிரிச்சேள்" என்றாள். குரல் உடைந்தது. "நான் அதப் பாத்துட்டுத்தானே ஒவ்வொரு தடவையும் பண்ணேன்."

பாலு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் நகரவில்லை, சாயவும் இல்லை. சக்கரங்கள் ஆறுகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஷ்யாமளா எழுந்து, நாளைக்கு வர முடியாது என்று புது ஆஃபீஸுக்குச் சொல்ல டெலிபோனைத் தேடிப் போனாள்.